கோணல் சூரியன்

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டடத்தைப் பற்றி நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவர்கள் இவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதினார்கள். அதுவும் தப்பு. 'காவலாளி' என்று போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த மனிதர் காவல் காத்ததைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்த்தவர்.

கடைவீதியும் ஸ்டேஷன் சாலையும் முட்டிக்கொள்ளும் மூலையில் நிற்கிறது அந்த மூன்று மாடிக் கட்டடம். வயது நூற்றுப் பத்துக்கு மேல். கீழே என்னுடைய ஜெராக்ஸ் கடை. முதல் மாடியில் இரண்டு வக்கீல்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளமாட்டார்கள். இரண்டாவது மாடியில் பல் டாக்டர். மூன்றாவது மாடியில் ஒரு ஏற்றுமதி ஆபீஸ், எதை ஏற்றுமதி செய்கிறார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இத்தனை பேருக்கும் தண்ணீர் வருவதும், விளக்கு எரிவதும், கதவு திறப்பதும் அத்தானால்தான். இடுப்பில் அறுபத்தொரு சாவிகள். தொட்டுப் பார்த்தே எது எந்தக் கதவுடையது என்று சொல்லிவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் 'சாவி'. மாடியிலிருந்து, "சாவி, பைப்பு ஒழுகுது!" என்று கத்தினால் அடுத்த நிமிஷம் ஸ்பேனரோடு நிற்பார்.

மற்றவர்களுக்கு அது வேலை. அவருக்கு அது என்னவோ வேறு. மேல்மாடிச் சுவரில் ஒரு விரிசல் விட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. புறா கூடு கட்டினால் ரத்தம் கொதிக்கும். என் அக்கா அடிக்கடி சொல்வாள்: "நான் அவருக்கு ரெண்டாம் தாரம்டா. மூத்தவ இந்தக் கட்டடம்தான்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் முப்பத்தொரு வருஷமாகச் சொல்கிறாள்.

அவர்கள் குடியிருந்தது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில். பதினொரு அடிக்கு ஒன்பது அடி. கூரை சரிவாக வரும், கட்டில் ஓரத்தில் எழுந்து நின்றால் தலை இடிக்கும். ஜன்னல் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் ட்யூப்லைட் எரியும். மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் அக்கா வாசல் வரை நடந்து வந்து கையை நீட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் மகள் கல்யாணமாகிப் போன மறுநாள் போன் பண்ணி, "அம்மா, இங்க காலையில தானா முழிப்பு வருதும்மா" என்றாளாம். அதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. நான்தான் கடைக்குள் போய் மெஷினைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் போன வருஷம் சின்ன முதலாளி வந்தார். பெரிய முதலாளி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. மகனுக்கு இந்தப் பழைய கட்டடத்தில் ஒரு பிடிப்பும் இல்லை. இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி கட்டப்போவதாகச் சொன்னார். அத்தானின் முகம் செத்துவிட்டது. ஆனால் சின்ன முதலாளி மனுஷத்தன்மை இல்லாதவர் என்று சொல்லமுடியாது. புதுக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில், கிழக்குப் பார்த்து, ஒரு வீடு அத்தானுக்கு என்று கையெழுத்துப் போட்டே கொடுத்தார். அந்தக் காகிதத்தையும் வீட்டு வரைபடத்தையும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். அக்கா ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இது என்னடா, இந்த ரெட்டைக் கோடு?"

"ஜன்னல் அக்கா."

"இதுவும்?"

"அதுவும்தான். மொத்தம் மூணு."

அவள் மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வாரமே திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டாள். இன்னும் கட்டவே தொடங்காத ஒரு வீடு, அதற்குத் திரைச்சீலை. நான் கிண்டல் பண்ணவில்லை. பண்ண மனசு வரவில்லை.

இங்கேதான் ஊரில் இருக்கிற நல்லவர்கள் குறுக்கே வந்தார்கள். நகரத்தின் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதற்கு ஒரு குழு இருக்கிறது. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆராய்ச்சிக்கு ஓர் அம்மாவை அனுப்பினார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் மூன்றாவது மாடி ஏற்றுமதிக்காரர் ஓடிவந்து தன் முழங்கால் வலியைச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாக, "நான் கட்டடத்துக்கு மட்டும்தாங்க டாக்டர்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் 'கட்டட டாக்டர்'.

மூன்று மாதம் அளந்தார், சுரண்டினார், படம் எடுத்தார். பிறகு அறிக்கை வந்தது. அதுவும் என் கடைக்கே வந்தது, எட்டுப் பிரதி எடுக்க. ஜெராக்ஸ் எடுக்க வருகிற எதையும் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. மெஷின் ஓடும்போது வேறு எதைப் பார்ப்பது?

அறிக்கையின் சாரம் இதுதான். கட்டடம் சாதாரணமானது, அதைப் போல ஊரில் இருபது இருக்கின்றன. ஆனால் வாசல் கதவுக்கு மேலே இருக்கிற அரைவட்ட வண்ணக் கண்ணாடி இருக்கிறதே, அதற்கு ஈடு இணை கிடையாது. நீலத்திலும் பச்சையிலும் கதிர்கள், நடுவே சிவப்பில் பாதி சூரியன். அந்தச் சூரியன் நடுவில் இல்லாமல் மூன்று விரற்கடை இடது பக்கம் தள்ளி இருப்பதைப் பற்றி மட்டுமே ஆறு பக்கம். 'மையத்தை வேண்டுமென்றே விலக்கி, உதிக்கும் கணத்தின் அசைவைப் பிடித்திருக்கும் துணிச்சல்' என்று இருந்தது. பழைய புகைப்படம் ஒன்றில் அந்த இடம் வெறும் வெள்ளையாகத் தெரிவதற்கும் விளக்கம் கொடுத்திருந்தார்கள்: வெயிலின் பிரதிபலிப்பாம். ஆகவே இந்தக் கண்ணாடியின் பொருட்டு முழுக் கட்டடமும் பாதுகாக்கப்பட வேண்டும்.

இருபத்தேழாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மாடிப்படியின் கீழுள்ள 'பிற்காலத் தடுப்பு அறை' மூலக் கட்டடத்தைச் சேர்ந்ததல்ல, படிக்கட்டின் அழகை மறைக்கிறது, அகற்றப்பட வேண்டும்.

கட்டடம் பிழைத்தால் இருக்கிற அறையும் போச்சு, வரப்போகிற வீடும் போச்சு. மெஷினை அப்படியே ஓடவிட்டு அத்தானைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் இருபத்தேழாம் பக்கத்துக்குக் கலங்கவில்லை. சூரியனைப் பற்றிய ஆறு பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். முகம் வெளிறிக்கொண்டே போனது.

"துணிச்சலா?" என்றார் கடைசியில். "சிவப்புக் கண்ணாடி பத்தல, மாப்ளே."

"யாருக்குப் பத்தல?"

"எனக்குத்தான்."

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சொன்னார். கல்யாணமான புதிதில் ஒருநாள் பல்பு மாற்ற ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மாடியிலிருந்து யாரோ "சாவி!" என்று கூப்பிட, அப்படியே திரும்பியிருக்கிறார். ஏணியின் நுனி கதவுக்கு மேலிருந்த கண்ணாடியைத் தூள் தூளாக்கிவிட்டது. அது வெறும் வெள்ளைக் கண்ணாடிதான், மங்கலாக, ஒரு அழகும் இல்லாமல். ஆனால் பெரிய முதலாளி கோபக்காரர். ஒரு பல்பு உடைந்ததற்கே ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பியவர். அவர் அப்போது இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள வெளியூர் போயிருந்தார், வர ஆறு வாரம் ஆகும். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதே மாதிரிக் கண்ணாடி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் பின் தெருவில் பழைய சினிமா கொட்டகை ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கழிப்பறை ஜன்னல்களில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி இருந்தது. டிக்கெட் கவுண்டரில் கொஞ்சம் சிவப்பு; அது வலது பக்கம் வரை எட்டாததால்தான் சூரியன் இடது பக்கம் ஒதுங்கிவிட்டது.

"கக்கூஸ் கண்ணாடியா அது?" என்றேன்.

"கழுவிட்டுத்தான் வச்சேன்" என்றார், ரோஷத்தோடு.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணாடி வெட்டும் கருவியை வைத்துக்கொண்டு, தானாகவே பழகி, வெட்டி, உடைத்து, மறுபடி வெட்டி, ஆறு வாரம் செய்திருக்கிறார். துண்டுகளை இணைக்க ஈயப்பட்டை வேண்டும். கட்டடத்திலிருந்தே கழற்றிப் போட்ட நூறு வருஷத்துப் பழைய தண்ணீர்க் குழாய்கள் மாடியில் கிடந்தன. அதை நறுக்கித் தட்டி நீட்டிக்கொண்டார். குடியிருந்தவர்களிடம் முதலாளி வெளியில் செய்யச் சொல்லியிருந்ததாகச் சொல்லிவிட்டார். அவர்களில் ஒருவர்கூட இப்போது கட்டடத்தில் இல்லை.

"சரி, பெரிய முதலாளி வந்து பார்த்து என்ன சொன்னார்?"

"வாசல்ல வந்து நின்னார். அண்ணாந்து பார்த்தார். எனக்கு உசிரே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு, 'அடடா, இத்தனை வருஷம் கண்ணுல புரை இருந்ததால இது கலர்னே எனக்குத் தெரியாம போச்சேடா'ன்னார்."

நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தான் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பிராணியிடமும் சொல்லாத விஷயம். அக்காவுக்குக்கூடத் தெரியாது.

"அத்தான், பிரச்சினை தீர்ந்தது" என்றேன். "அடுத்த வியாழக்கிழமை குழு விசாரணை. எழுந்து நின்னு உண்மையைச் சொல்லுங்க. கண்ணாடி போச்சுன்னா கட்டடம் சாதாரணம்னு அவங்களே எழுதியிருக்காங்க. அக்காவுக்கு வீடு வந்திரும்."

"கட்டடம் போயிருமே, மாப்ளே."

"போகட்டுமே! அக்கா இன்னும் எத்தனை வருஷம் கையை நீட்டி மழை பார்க்கணும்?"

அவர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அப்படியே ஆறு நாள் ஓடியது. தினமும் மாடிப்படிக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இறங்குவார், ஏறுவார். நான் விடவில்லை, பார்க்கும்போதெல்லாம் அரித்தேன். புதன்கிழமை அக்கா திரைச்சீலைகளைத் தைத்து முடித்து மடித்து வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்து, "சொல்லிடறேன்" என்றார். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் போகிறவர் மாதிரி இருந்தார், பாவி மனுஷன்.

விசாரணை நகர மண்டபத்தில் நடந்தது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. முதலில் கட்டட டாக்டர் பேசினார். திரையில் கண்ணாடியைச் சுவர் அளவுக்குப் பெரிதாகக் காட்டினார். நானும் தினம் அதன் கீழேதான் நுழைகிறேன், ஒருநாள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த அம்மா ஒவ்வொரு துண்டாகச் சொன்னபோதுதான் பார்த்தேன். ஓரத்தில் அடர்நீலம், உள்ளே வரவரப் பச்சை, அதற்குள் சிவப்பு. விடிகாலை வானம் அப்படியேதான் இருந்தது. நாற்பது நிமிஷம் பேசினார். "இதைச் செய்த பெயர் தெரியாத மேதை" என்று சொல்லித் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். பக்கத்தில் அத்தான் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

சின்ன முதலாளியின் வக்கீல் அவரைக் கூப்பிட்டார். அத்தான் எழுந்து போய், கைகட்டி நின்று, எல்லாவற்றையும் சொன்னார். ஏணி, கொட்டகை, குழாய், புரை. சொல்லச் சொல்ல மண்டபத்தில் சிரிப்புப் பரவியது. கழிப்பறை வந்ததும் வெடித்தது.

"நீங்க எங்க படிச்சீங்க?" என்றார் தலைவர்.

"எட்டாவது வரைக்குங்க."

"கண்ணாடி வேலை?"

"அதெல்லாம் படிக்கலைங்க. தானா வந்தது."

"இப்ப ஒண்ணு செஞ்சு காட்ட முடியுமா?"

அத்தான் தன் கையைப் பார்த்தார். "இப்ப கை நடுங்குதுங்க. கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

கட்டட டாக்டர் எழுந்தார். அவர் கேலி செய்யவில்லை, அதுதான் கொடுமை. ஈயத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்ததாகவும், அது கட்டடம் கட்டிய காலத்து ஈயம்தான் என்று சான்றிதழே இருப்பதாகவும் சொன்னார். "இவரைத் தப்பா நினைக்காதீங்க. ஒரு வீடு தர்றதா எழுதிக் கொடுத்திருக்காங்க. இவர் நிலைமையில யாரா இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று பரிந்து பேசினார்.

"குழாய் நூறு வருஷம்னா ஈயமும் நூறு வருஷம்தானே இருக்கும்?" என்று நான் எழுந்து கத்தினேன். யார் என்று கேட்டார்கள். அவர் மைத்துனர் என்றதும் அதற்கும் சிரிப்பு.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பெரியவரே, இத்தனை வருஷம் சோறு போட்ட கட்டடத்துக்கு எதிரா, இந்த வயசுல பொய் சொல்லலாமா?" என்றார். முப்பத்தெட்டு வருஷம் அதன் குழாயையும் சுவரையும் தன் உடம்பாகப் பார்த்துக்கொண்டவரிடம் கேட்ட கேள்வி அது. அத்தான் தலை குனிந்து வந்து உட்கார்ந்தார்.

அங்கேயே தீர்ப்பு. கட்டடம் பாதுகாக்கப்பட்டது. வாசலில் கல்வெட்டு வைக்கப்படும். மாடிப்படி அறையை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே சின்ன முதலாளியின் வக்கீல் என் தோளில் கை வைத்து, "முயற்சி நல்லாத்தான் இருந்தது. ஆனா கொஞ்சம் நம்புற மாதிரி ஒரு கதையா யோசிச்சிருக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்து ஆளே நம்பவில்லை! அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன், அதை இங்கே எழுத முடியாது.

அக்காவிடம் யார் சொல்வது? நான்தான் போனேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன், கண்ணாடி ரகசியம் உட்பட. அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மடித்து வைத்த திரைச்சீலை. தலைக்கு மேலே பல் டாக்டரின் நோயாளிகள் யாரோ படியில் ஏறிப் போனார்கள்.

அத்தான் ரொம்ப நேரம் கழித்து வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். உள்ளே நுழைந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வீடு போனவர் முகமா அது? பூரித்திருந்தது.

"மாப்ளே, கேட்டியா? நாற்பது நிமிஷம்! மேதைன்னாங்க. அது நான்தானே? அவங்க நம்பலைன்னாலும் நான்தானே அது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாவிக்கொத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அக்கா என்னைப் பார்த்துச் சும்மா இரு என்று கையைக் காட்டினாள்.

"நிஜமாவே நீங்கதான் செஞ்சீங்களா?"

"சத்தியமா."

"தொட்டி ஒழுகுதுன்னு ஆறு வாரம் மொட்டை மாடிக்குப் போனீங்களே, அப்பவா?"

"அப்பத்தான்!" அவர் குழந்தை மாதிரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீ நம்புறியா?"

"நம்புறேன். கையெல்லாம் கீறல் இருந்தது. நான்தானே மருந்து போட்டேன்."

அவர் முகம் இன்னும் விரிந்தது. அக்கா திரைச்சீலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நான் உங்ககிட்ட ஒரு ஜன்னல் கேட்டேன்" என்றாள். "பின்பக்கச் சுவர்ல, ஒரு அடி இருந்தாக்கூடப் போதும்னேன். கட்டடத்துல கை வைக்க முடியாது, அதுவுமில்லாம எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதுன்னீங்க. நானும் தெரியாதவர்கிட்டப் போய்க் கேட்டுட்டோமேன்னு அப்புறம் கேட்கவே இல்ல."

"அது கதவுக்கு மேல வைக்கிறது" என்றார் அத்தான் மெதுவாக. "ஜன்னல் வேற."

அக்கா எழுந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபம் நிறைய இருந்தவர்களில் ஒருவரும் அவரை நம்பவில்லை. நம்பியது அவள் ஒருத்திதான். அவளும் நம்பாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.